பச்சைப் பாம்பு: பெயரும் விஷமும்

ஹாங்காங்கில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் தில்லிக்குத் திரும்பிய நண்பர் ஒருவர், அங்கே பிறந்து வளர்ந்த தம் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஊர் மலைப்பாதைகளில் நடக்கப் போகும்போதெல்லாம் அவளுக்கு ஒரே ஒரு பயம்தானாம். அந்தப் பயத்தின் பெயர் "சிங் ச்சுக் ஸே". பள்ளித் தோழிகள் சொல்லிக் கொடுத்த கான்டனீஸ் சொல். "அதற்குத் தமிழில் என்ன பெயர் அப்பா?" என்று அவள் கேட்க, "பச்சைப் பாம்பு" என்று சொல்லி வைத்தாராம். "சரிதானே?" என்று என்னிடம் கேட்டார்.

சரியில்லை. ஆனால் ஏன் சரியில்லை என்று சொல்வதற்கு ஒரு வரி போதாது. தமிழில் அந்தப் பாம்புக்கு மிகப் பொருத்தமான பெயர் இருக்கிறது. "பச்சைப் பாம்பு" என்று நாம் சொல்வது வேறொரு பாம்பை. ஒன்றுக்கு விஷம் உண்டு. மற்றொன்றால் நமக்கு ஆபத்து இல்லை. இந்த இரண்டு பெயரையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தபோதுதான் இதைச் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளத் தோன்றியது.

மூன்று எழுத்தில் ஒரு பாம்பு

சீன மொழியில் அந்தப் பெயரை எழுத மூன்று எழுத்துகள் போதும். முதல் எழுத்துக்குப் பச்சை என்று பொருள். அதே எழுத்து நீலத்தையும் குறிக்கும். இரண்டாவது எழுத்து மூங்கில். மூன்றாவது பாம்பு. ஆக, "பச்சை மூங்கில் பாம்பு". ஹாங்காங் மக்கள் இந்தப் பெயரால் முக்கியமாகக் குறிப்பது ஆங்கிலத்தில் வெள்ளையுதட்டுக் குழிவிரியன் என்று சொல்லப்படும் பாம்பை. தைவானில் இதன் நெருங்கிய உறவினர் ஒன்று உண்டு. அதற்கு அங்கே "பச்சை மூங்கில் இழை" என்று பெயர். பட்டு இழைக்கு எழுதும் அதே எழுத்தைத்தான் போடுகிறார்கள். விஷப் பாம்புக்கு இவ்வளவு அழகான பெயர் வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை!

இந்தப் பாம்பு பெரியதல்ல. நன்றாக வளர்ந்த பெண் பாம்பே ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. உடல் முழுவதும் இலைப்பச்சை, வால் நுனி மட்டும் செம்பழுப்பு. பகலில் புதரிலோ தாழ்ந்த கிளையிலோ அசையாமல் கிடக்கும். இரவில்தான் இரை தேடும். கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவே ஒரு சிறு குழி இருக்கிறது. எலியோ பறவையோ அருகில் வந்தால் அதன் உடல் சூட்டை அந்தக் குழி உணரும். கும்மிருட்டிலும் குறி தப்பாமல் கொத்துவது இதனால்தான். "குழிவிரியன்" என்ற பெயருக்கும் இதுவே காரணம்.

ஹாங்காங்கில் பாம்புக்கடி என்று மருத்துவமனைக்கு வருபவர்களில் பெரும்பாலோரைக் கடித்தது இந்தப் பாம்புதான். கடித்த இடம் வீங்கும், வலி தாங்க முடியாது, இரத்தம் உறையும் தன்மை கெடும். சாவு அபூர்வம். அதற்கான மாற்று மருந்து தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்திலிருந்து வருகிறது. பச்சைக் குழிவிரியனுக்கென்றே தனியாகச் செய்யப்பட்ட மருந்து அது. நல்ல பாம்பு கடித்தவருக்கு அதைப் போட்டால் பயன் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் மூங்கில் விரியன்

இப்போது நம் பக்கம் வருவோம். கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மூங்கில் புதர்களிலும் ஓடைக் கரைகளிலும் இதேபோலப் பச்சை நிறத்தில் ஒரு குழிவிரியன் உண்டு. தமிழில் அதற்குப் பெயர் மூங்கில் விரியன். கான்டனீஸ்காரர் தமிழரைப் பார்த்து வைத்ததும் இல்லை, தமிழர் சீனரைப் பார்த்து வைத்ததும் இல்லை. மூங்கில் வெட்டப் போனவன் கையில் அது கொத்தியிருக்கும். வெட்டியவன் வாயில் பெயர் பிறந்திருக்கும். தென்சீனத்திலும் தென்னிந்தியாவிலும் இது தனித்தனியே நடந்திருக்கிறது. ஆங்கிலத்திலும் இதற்கு மூங்கில் குழிவிரியன் என்றே பெயர்.

இந்தப் பாம்பு உலக விஞ்ஞானப் புத்தகத்தில் ஏறிய கதையும் நம் கடற்கரையில்தான் நடந்தது. பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராகச் சென்னை ராஜதானியில் பணியாற்றினார். சோழமண்டலக் கடற்கரையில் திரட்டிய பாம்புகளைப் பற்றி வண்ணப் படங்களுடன் 1796ல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அதில் பல பாம்புகளுக்கு உள்ளூர் மக்கள் சொன்ன பெயரையே போட்டார். மூங்கில் விரியனுக்கு அவர் எழுதிய பெயர் "போத்ரூ பாம்". விசாகப்பட்டினத்தில் கிடைத்த அந்தப் பாம்பின் படத்தைப் பார்த்துத்தான் 1802ல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர் அதற்கு இலத்தீன் பெயர் சூட்டினார். "கிராமினியஸ்", அதாவது புல் போன்றது. மூங்கிலும் புல் இனம்தான் என்பதால் பெயர் பொருந்தியே விட்டது.

இந்தக் குடும்பம் பெரியது. ஆனைமலை, பழனிமலை உயரங்களில் பெருஞ்செதில் குழிவிரியன் என்று ஒன்று தேயிலைச் செடிகளின் நடுவே வாழ்கிறது. இலங்கையில் பச்சையும் கறுப்புமாக இன்னொன்று. சிங்களத்தில் அதற்கு "பலா பொலொங்கா" என்று பெயர். பொலொங்கா என்றால் விரியன். தேயிலைக் கொழுந்து கிள்ளும்போது கையில் கடிபடுவது அங்கே பழைய கதை. அந்தக் கைகளில் பெரும்பாலானவை மலையகத் தமிழ்ப் பெண்களின் கைகள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மலேசியாவில் பினாங்குத் தீவுக்குப் போனவர்கள் பாயான் லெப்பாஸில் உள்ள சீனர்களின் பாம்புக் கோயிலைப் பார்த்திருப்பார்கள். அங்கே கிளைகளில் சுருண்டு கிடப்பவையும் குழிவிரியன்களே.

நம் பிள்ளைகளுக்குப் பிடித்த செய்தி ஒன்று. அருணாசலப் பிரதேசத்தில் பாக்கே காட்டில் கண்டெடுத்த ஒரு பச்சைக் குழிவிரியனுக்கு 2020ல் இந்திய ஆய்வாளர்கள் "சலசார்" என்று பெயர் வைத்தார்கள். ஹாரி பாட்டர் கதையில் பாம்போடு பேசும் சலசார் ஸ்லிதெரினின் பெயர்தான் அது. பெயர் வைக்கிற உரிமை முன்பு மூங்கில் வெட்டுகிறவனுக்கு இருந்தது. இப்போது கதை படித்து வளர்ந்த விஞ்ஞானிக்கு வந்திருக்கிறது.

கண்கொத்தி என்ற அவப்பெயர்

அப்படியானால் நாம் ஊரில் "பச்சைப் பாம்பு" என்று சொல்வது எதை? வேலியிலும் கொய்யா மரத்திலும் கொடியோடு கொடியாகத் தொங்கும் மெல்லிய பாம்பை. இதற்கு இன்னொரு பெயர் கண்கொத்திப் பாம்பு. ஊசிபோல நீண்ட மூக்கு, சாட்டைக் கயிறுபோன்ற உடல், பகலில் நடமாட்டம். ஓணான், பல்லி, தவளை இவையே ஆகாரம். முட்டையிடாது, குட்டி போடும். இதற்கும் சிறிது விஷம் உண்டு. ஆனால் விஷப்பல் வாயின் பின்பக்கத்தில் இருக்கிறது; அந்த விஷம் ஓணானுக்குப் போதும், மனிதனுக்குப் போதாது. கடித்தால் சற்று வீங்கி ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

இது கண்ணைக் கொத்தும் என்பது பொய். அது கண்ணைக் குறிவைப்பதில்லை. கிளையில் நம் முக உயரத்தில் இருப்பதால், திடீரென்று நாம் குனிந்து போனால் முகத்துக்கு நேரே சீறும். அதிலிருந்து இந்த நம்பிக்கை வந்திருக்கலாம். உண்மையில் கண் விஷயத்தில் அதிசயம் அந்தப் பாம்புக்குத்தான் இருக்கிறது. மற்றப் பாம்புகளில் பெரும்பாலானவற்றின் கண்மணி வட்டமாகவோ செங்குத்துக் கீற்றாகவோ இருக்கும். இதற்கோ படுக்கைவசமாகச் சாவித் துவாரம் போல இருக்கிறது. மூக்கின் இருபுறமும் பள்ளம் இருப்பதால் இரண்டு கண்ணாலும் ஒரே நேரத்தில் முன்னால் பார்த்து, இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடும். பரீட்சை நேரத்தில் தாய்மார்கள் பிள்ளைகளைக் "கண்கொத்திப் பாம்பாகப்" பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிறோமே, அந்த உவமை பாம்பின் பார்வைக்குப் பொருந்தும். அதன் குணத்துக்குப் பொருந்தாது.

எங்கள் ஊர்ப் பக்கம் இதைப் பற்றி இன்னொரு நம்பிக்கையும் உண்டு. பச்சைப் பாம்பைப் பிடித்துக் கையால் உருவிவிட்டால் அந்தக் கைக்குச் சமையலில் மணம் வருமாம்! கண்ணைக் கொத்தும் என்று அடிப்பதும், கைமணம் தரும் என்று உருவுவதும் ஒரே ஊரில், ஒரே பாம்புக்கு. பாம்பின் பாடு இரண்டிலும் திண்டாட்டம்தான்.

இந்த அவப்பெயர் தமிழோடு நிற்கவில்லை. சிங்களத்தில் இதன் பெயர் "அஹட்டுல்லா". அதற்கும் கண்ணைக் குத்துவது என்றே பொருள் சொல்கிறார்கள். இலங்கையிலிருந்து போன அந்தச் சொல்லை ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758ல் தம் நூலில் எடுத்துக்கொண்டார். இன்று உலகம் முழுவதும் இந்தப் பேரினத்துக்கு விஞ்ஞானப் பெயரே அஹட்டுல்லாதான். தென்னாசியக் கிராமத்தின் பயம் இலத்தீன் சட்டை போட்டுக்கொண்டு உலகத்து அருங்காட்சியகங்களில் எல்லாம் உட்கார்ந்திருக்கிறது. நீண்ட காலமாக இலங்கையிலும் இந்தியாவிலும் இருப்பது ஒரே இனம் என்றே நினைத்திருந்தார்கள். 2020ல் வெளிவந்த ஆராய்ச்சி, அது பல இனங்களின் கூட்டம் என்று பிரித்துக் காட்டியது.

ஹாங்காங்கிலும் இதே குழப்பம் இருக்கிறது. அங்கேயும் விஷமே இல்லாத பெரிய பச்சைப் பாம்பு ஒன்று உண்டு. சாதுவான அதையும் மக்கள் "மூங்கில் பாம்பு" என்று பயந்து அடித்துவிடுகிறார்கள். இரண்டையும் பிரித்தறிய வழி சுலபம்தான். விரியனுக்குத் தலை அகன்று முக்கோணமாக இருக்கும், கழுத்து ஒடுங்கியிருக்கும், உடல் தடித்துக் குட்டையாக இருக்கும், கண்மணி செங்குத்துக் கீற்று. நம் பச்சைப் பாம்புக்குத் தலை ஊசி போல நீண்டிருக்கும், உடல் சாட்டை போல மெலிந்திருக்கும். ஆனால் ஒன்று: இதெல்லாம் தூரத்திலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. கண்மணியை ஆராய யாரும் கிட்டே போக வேண்டாம்.

கடல் தாண்டிய பெயர்

பெயர் மாறிப்போவது பாம்பு விஷயத்தில் புதிதல்ல. தென்னமெரிக்காவின் அனகொண்டாவை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயர் தென்னமெரிக்கப் பெயர் அல்ல. ஜான் ரே என்ற ஆங்கிலேயர் 1693ல் வெளியிட்ட பட்டியலில், எருமைகளை நெரித்துக் கொல்லும் இலங்கைப் பாம்பு என்று ஒன்றுக்கு "அனகண்டையா" என்று பெயர் போட்டிருக்கிறார். இது தமிழின் "ஆனைக்கொன்றான்" என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. சிங்களத்தின் "ஹெனகந்தயா" என்பதே மூலம் என்பது இன்னொரு கட்சி. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிங்களச் சொல் மெலிந்த சாட்டைப் பாம்பைக் குறிப்பது. அந்தக் கட்சி சரியென்றால், விரல் பருமன் உள்ள ஒரு பாம்பின் பெயர் கடல் தாண்டிப் போய் உலகிலேயே கனமான பாம்புக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது!

விஞ்ஞானப் பெயர்களைப் புரட்டினால் நம் நாட்டு மொழிகள் வரிசையாக நிற்கின்றன. கண்ணாடிவிரியனின் பேரினத்துக்கு "டபோயா" என்று பெயர். அது பதுங்கிக் கிடப்பது என்ற பொருளுடைய ஹிந்திச் சொல். கட்டுவிரியனின் பேரினம் "பங்காரஸ்". அது தங்கம் என்று பொருள்படும் தெலுங்கு "பங்காரு". பொன்னிறப் பட்டை போட்ட பாம்புக்கு ரஸ்ஸல் கேட்டெழுதிய பெயரிலிருந்து வந்தது. நல்ல பாம்பின் "நாஜா" நம் நாகத்தின் வழிவந்தது. பாம்பைத் தெரிந்தவனிடம்தான் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்.

இரண்டு விரியன்

இவ்வளவும் சுவாரசியத்துக்காக என்று நினைக்க வேண்டாம். தில்லியில் மூங்கில் விரியன் கிடையாது. ஆனால் பெயர்க் குழப்பம் இங்கேயும் உயிரோடு விளையாடும்.

தமிழில் கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், கட்டுவிரியன் என்று மூன்றையும் விரியன் என்றே சொல்கிறோம். முதல் இரண்டும் உண்மையான விரியன்கள், குட்டி போடுபவை, இரத்தத்தைக் கெடுக்கும் விஷம். கட்டுவிரியன் விரியனே அல்ல. அது நல்ல பாம்பின் குடும்பம், முட்டையிடும், விஷம் நரம்பைத் தாக்கும். கறுப்பு உடலில் கட்டுக்கட்டாக வெள்ளை வளையங்கள் இருக்கும். இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கடித்தது பல சமயம் தெரியவே தெரியாது. எறும்பு கடித்தாற்போல இருக்கும். பல் பதிந்த அடையாளம்கூடச் சரியாகத் தெரியாது. சில மணி நேரம் கழித்து வயிற்றுவலி, வாந்தி. பிறகு இமை சரியும், பேச்சுக் குழறும், மூச்சு நிற்கும்.

சில வருஷம் முன்பு ஓர் ஆடி மாதம், நல்ல மழை. நகரத்தின் ஓரத்தில் கட்டட வேலைக்கு வந்திருந்த சேலத்துப் பக்கத்துக் குடும்பத்தில் பன்னிரண்டு வயதுப் பையன் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்திருக்கிறான். அவன் அம்மா பாயை உதறியபோது சுவரோரம் பாம்பு ஓடியதைப் பார்த்துவிட்டாள். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஹிந்தி பேசத் தெரிந்தவர் வேண்டும் என்று எனக்கு ஆள் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள், அதே கொட்டகையில் இருந்த படித்த இளைஞர் ஒருவர் உதவிக்கு நின்று, "விரியன்" என்று அந்த அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் "வைப்பர்" என்று சொல்லியிருக்கிறார். அகராதிப்படி அது சரிதான்.

நான் போனபோது மருத்துவர் சோதனைக் குழாயில் இரத்தம் எடுத்து வைத்துக் காத்திருந்தார். சுத்தமான கண்ணாடிக் குழாயில் இருபது நிமிஷம் அசைக்காமல் வைப்பார்கள். விரியன் விஷம் ஏறியிருந்தால் இரத்தம் உறையாது. பையனின் இரத்தமோ ஒழுங்காக உறைந்துவிட்டது. விஷம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடிய கட்டம் அது.

"அம்மா, பாம்பு எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"கட்டுவிரியன் சார். கறுப்பா, வெள்ளை வெள்ளையா வளையம் போட்டு. எங்க ஊர்ல பார்த்திருக்கேன்."

அதை அப்படியே ஹிந்தியில் சொன்னேன். "கரைத்!" என்றார் மருத்துவர். ஏற்கெனவே அவர் பையனின் இமைகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை சரிய ஆரம்பித்திருந்தன. உடனே மாற்று மருந்து ஏற்றினார்கள். மூச்சுக்குக் கருவி வைத்தார்கள். மூன்றாம் நாள் பையன் கண் திறந்தான். அனுபவசாலியான மருத்துவர், நான் வராவிட்டாலும் இமையைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அந்த அம்மா சொன்ன கறுப்பும் வெள்ளையும் நேரத்தை மிச்சப்படுத்தியது.

நம் வீடுகளில் ஒட்டி வைத்துக்கொள்ள நான்கு பெயர்களைக் கீழே தருகிறேன். இந்தியாவில் பாம்புக்கடியால் நேரும் சாவுகளில் பெரும்பங்கு இந்த நான்கால்தான்.

நல்ல பாம்பு: ஹிந்தியில் நாக். படம் எடுக்கும். நரம்பைத் தாக்கும்.
கட்டுவிரியன்: ஹிந்தியில் கரைத். கறுப்பில் வெள்ளை வளையம். நரம்பைத் தாக்கும்.
கண்ணாடிவிரியன்: ஹிந்தியில் தபோயியா. தடித்த உடல், சங்கிலிபோல வட்டங்கள், உரத்த சீற்றம். இரத்தத்தைக் கெடுக்கும்.
சுருட்டைவிரியன்: ஹிந்தியில் அஃபயி, மராத்தியில் ஃபுர்ஸே. சிறியது, சுருண்டு செதிலை உரசி ஓசை எழுப்பும். இரத்தத்தைக் கெடுக்கும்.

தில்லிப் பூங்காக்களில் நல்ல பாம்பு என்று அடிபடுவதில் நிறைய, விஷமே இல்லாத சாரைப் பாம்பு. ஹிந்தியில் அதற்கு தாமன் என்று பெயர். எலியை ஒழிக்கும் நண்பன். அதை விட்டுவிடுங்கள்.

மருந்து வரும் வழி

இந்தியாவில் கிடைக்கும் மாற்று மருந்து இந்த நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. சிறிதளவு விஷத்தைக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்துத் தயாரிக்கிறார்கள். மூங்கில் விரியன் இந்த நான்கில் இல்லை. ஆகவே அது கடித்தால் இந்த மருந்தை நம்பியிருக்க முடியாது. வலி, வீக்கம், இரத்தப் போக்கு இவற்றைக் கவனித்துத்தான் சிகிச்சை. ஹாங்காங்கில் தனி மருந்து, இங்கே இல்லை. ஒரே மூங்கில், ஒரே பச்சை. சிகிச்சை மட்டும் வேறு.

அந்த விஷம் எங்கிருந்து வருகிறது என்பது தில்லித் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கிவருகிறது. பாம்புத் தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பை இழந்திருந்த இருளர்களுக்காக, ராமுலஸ் விடேகரின் முயற்சியில் அது தொடங்கியது. அவர்கள் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, பாம்பை மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டின் மாற்று மருந்துத் தயாரிப்புக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி பல்லாண்டுகளாக அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அந்தச் சேலத்துப் பையனின் நரம்பில் ஏறிய மருந்தும் அனேகமாகத் தமிழ்நாட்டு இருளர் ஒருவர் கையால் பிடித்த பாம்பிலிருந்து வந்ததாக இருக்கும். மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் 2017ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தில், மருத்துவமனைக்குத் தூரத்தில் இருந்தவர்கள். 2030க்குள் இந்தச் சாவுகளைப் பாதியாகக் குறைக்க மத்திய அரசு 2024 மார்ச்சில் ஒரு தேசியத் திட்டத்தை அறிவித்தது. அப்போதே 15400 என்ற உதவித் தொலைபேசி எண்ணும் சோதனை முயற்சியாக அறிவிக்கப்பட்டது. அதற்கான இடங்களில் தில்லியும் புதுச்சேரியும் உண்டு. அவசரத்துக்கு 112 எப்போதும் இருக்கிறது.

நம்மவர்கள் எல்லோரும் மூன்றாம் மாடியில் இல்லை. பாரபுல்லா வாய்க்காலோரம் இருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூனில் அகற்றப்பட்ட பிறகு அங்கிருந்த குடும்பங்களில் பல நரேலாவுக்குப் போயிருக்கின்றன. அது நகரத்தின் விளிம்பு. வயலும் புதரும் பக்கத்தில். கட்டட வேலைக்கு வரும் குடும்பங்கள் தகரக் கொட்டகையில் தரையில் படுக்கின்றன. அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: மழைக்காலத்தில் தரையில் படுக்க வேண்டாம், கயிற்றுக் கட்டிலாவது போதும். கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிக்கொண்டால் பாம்புக்கும் அதுவே காவல். இரவில் வெளியே போனால் கையில் விளக்கு.

கடித்துவிட்டால் கத்தியால் கீற வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம், கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசு கழற்றுங்கள். எலும்பு முறிந்தால் கட்டுவது போலக் கையையோ காலையோ அசையாமல் வைத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். மந்திரிக்கப் போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள். பாம்பைத் துரத்திப் பிடித்துக் கொண்டுவரத் தேவையில்லை. கடித்த பாம்பு பிடிபட்ட பிறகும் கடிக்கும்.

மருத்துவர் கேட்கும்போது பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளாதீர்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். கறுப்பா, பழுப்பா, வளையமா, வட்டமா, படம் எடுத்ததா, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று சொல்லுங்கள். பெயர் மொழிக்கு மொழி மாறும். கண்ணால் கண்ட நிறம் மாறாது.

ஆனால் அப்படிச் சொல்வதற்கு முதலில் பார்த்திருக்க வேண்டும்; பார்ப்பதற்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அந்த அம்மாவுக்குக் "கட்டுவிரியன்" என்ற சொல் தெரிந்திருந்ததால்தான் ஓடுகிற பாம்பில் வளையத்தைக் கவனித்தாள். வெறும் "ஸாம்ப்" என்றும் "ஸ்நேக்" என்றும் சொல்லி வளரும் நம் பிள்ளைகளுக்கு எல்லாப் பாம்பும் ஒரே பாம்புதான். லீவில் ஊருக்குப் போகும்போது தாத்தா பாட்டியிடம் இந்தப் பெயர்களைக் கேட்டு எழுதி வாருங்கள். சாரை, கொம்பேறிமூக்கன், மண்ணுளி, தண்ணீர்ப்பாம்பு, ஓலைப்பாம்பு என்று இன்னும் எத்தனையோ உண்டு. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அது எப்படி இருக்கும், எங்கே இருக்கும் என்று ஒரு வரி எழுதி அனுப்பினால், ஹிந்திப் பெயரோடு சேர்த்து அடுத்த இதழ்களில் ஒரு பட்டியலாக வெளியிடலாம். எந்தப் பெயருக்கு எந்த மாவட்டம் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.